கால் எலும்பு முறிவு ஆபரேஷன் முடிந்து 3 வாரம்: வலியோடு காலை அசைக்கலாமா?

சயான் கோலிவாடா வாசி
ஜூலை 15, இரவு 11:40

வணக்கம். ஜூன் 24 அன்று எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஆபரேஷன் நடந்தது. மழையில் வண்டி வழுக்கி, கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கீழ்க்காலின் பெரிய எலும்பு நடுவில் முறிந்து, பக்கத்தில் ஒரு துண்டும் பிரிந்திருந்தது. எலும்புக்குள்ளே நீளமாக ராடு வைத்து மேலும் கீழும் ஸ்குரூ போட்டிருக்கிறார்கள். தையல் பிரித்துவிட்டார்கள், புண் காய்ந்துவிட்டது. ஆறு வாரம் முடியும்வரை பாதத்தைத் தரையில் சும்மா தொட்டு வைக்கலாம், எடை கொடுக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிசியோதெரபி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று உட்கார வைத்துச் சொல்ல யாரும் இல்லை.

பகலில் வலியைப் பொறுத்துக்கொள்கிறேன். ராத்திரி 2 மணிக்கு மேல் முழங்காலின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. கணுக்கால் கல்லைக் கட்டிவிட்டது போலக் கனக்கிறது. அசைத்தால் ராடு நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில் காலைத் தலையணை மேல் வைத்தபடி அப்படியே கிடக்கிறேன். மும்பையில் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மனைவி காலையில் 7:50 லோக்கல் ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "அசைக்காதே ராசா, எலும்பு கூடட்டும்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "படுத்தே கிடந்தால் கால் சூம்பிப்போகும்" என்கிறார். இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

டோம்பிவிலி லோக்கல்
ஜூலை 16, காலை 6:15

தம்பி, உங்கள் பதிவைப் படித்தபோது நான் படுத்திருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. எனக்குக் கணுக்காலில் பிளேட், ஆறு ஸ்குரூ. கட்டு பிரித்த பிறகு மெதுவாக அசைக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் பயத்தில் நான் அசைக்கவில்லை. எலும்பு நன்றாகத்தான் கூடியது. ஆனால் பாதம் ஒரு கோணத்திலேயே இறுகிவிட்டது. படி இறங்கும்போது குதிகால் தரையில் பதியாது. விறைப்பை எடுக்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாத வலியோடு ஒப்பிட்டால் ஆபரேஷன் வலி ஒன்றுமே இல்லை.

ஆகவே அசையுங்கள். ஆனால் எதை, எவ்வளவு என்று தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு அசையுங்கள்.

முலுண்ட் பிசியோ
ஜூலை 16, பிற்பகல் 2:05

நான் பதினெட்டு வருடமாக எலும்பு முறிவு நோயாளிகளோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். காலை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் இங்கே சொல்வதை உங்கள் டாக்டரிடம் போனிலாவது ஒரு முறை சொல்லிக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். முழங்காலையும் கணுக்காலையும் மடக்கத் தடை உண்டா என்பது ஒன்று, எடை எவ்வளவு என்பது ஒன்று. இந்த இரண்டையும் முடிவு செய்ய வேண்டியவர் ஆபரேஷன் செய்தவர்தான்.

முதலில் ராடு பயம். அது எலும்பின் குழலுக்குள் உட்கார்ந்திருக்கிறது, மேலும் கீழும் ஸ்குரூ அதைப் பூட்டி வைத்திருக்கிறது. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதால் அது நகராது. உடம்பு எடை முழுக்க அந்தக் காலில் ஏறுவதும், கால் முறுக்கிக்கொள்வதும், விழுவதும்தான் ஆபத்து. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் கூன்ட்ஷர் 1939இல் தொடை எலும்புக்குள் உலோகக் கம்பி செருகி ஆபரேஷன் செய்தார். மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கட்டிப் போடாமல் ஆளைச் சீக்கிரம் எழுப்ப முடியும் என்பது அந்த முறையின் பெரிய லாபம். உங்கள் காலில் இருப்பதும் அந்த வழியில் வந்ததுதான். அதை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தால் அந்த லாபம் வீணாகிறது.

அடுத்து, ராத்திரி வலி. முழங்காலின் பின்பக்கம் இழுக்கிறது என்கிறீர்கள். தலையணையை எங்கே வைக்கிறீர்கள்? மூட்டுக்கு நேர் கீழே வைத்தால் சுகமாக இருக்கும், எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். அந்த மடங்கிய நிலையிலேயே பின்பக்கத் தசை சுருங்கிப் பழகிவிடும். பிறகு காலை நீட்டப் போனால் சுரீர் என்று இழுக்கும். தலையணையை நீளவாக்கில் வைத்து, ஆடுசதை முதல் குதிகால் வரை முழுவதையும் தாங்க விடுங்கள். பாதம் நெஞ்சுக்கு மேல் உயரத்தில் இருந்தால் வீக்கம் இறங்கும்.

கனம் என்று சொன்னது பெரும்பாலும் வீக்கம். ஆடுசதை சுருங்கும்போதெல்லாம் கீழே தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மூன்று வாரமாக அந்தப் பம்ப் ஓடவில்லை. அசைத்தால் வலி குறையும் என்று உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. தேங்கிய நீர் நகர்கிறது, இறுகிப் பிடித்த தசை தளர்கிறது, அதனால் குறைகிறது.

என்ன செய்வது? விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை, பாதத்தை மூக்கை நோக்கி இழுத்து, பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம் தள்ளுங்கள், பத்துப் பதினைந்து தடவை. வேகம் வேண்டாம், இரண்டு கோடிக்கும் முழுதாகப் போய் வர வேண்டும். பிறகு ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் இருக்கும். முழங்காலைக் கீழே அழுத்துவது போலத் தொடையை இறுக்குங்கள். முழங்கால் சில்லு இடுப்புப் பக்கமாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும். வாய்விட்டு ஐந்து எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணச் சொல்வது, மூச்சைப் பிடிக்காமல் இருப்பதற்காக. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இந்த ஒன்றைத்தான் என் நோயாளிகளிடம் கெஞ்சிக் கேட்டுச் செய்ய வைப்பேன். முட்டிக்கு மேலே உள்ள தசை அவ்வளவு சீக்கிரம் கரையும்.

மூன்றாவது, குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி பின்பக்கத்தை நோக்கி இழுத்து முழங்காலை மடக்குவது. மெத்தையில் வழுக்காது. கால் அடியில் ஒரு பாலித்தீன் பையையோ பழைய எவர்சில்வர் தட்டையோ வைத்தால் சுலபமாக நகரும். இழுப்பு தெரியும் இடத்தில் ஐந்து எண்ணி நிறுத்துங்கள். அதற்கு மேல் யாரும் கையால் பிடித்து மடக்க வேண்டாம். காலை நீட்டி அப்படியே உயர்த்துவது இப்போதைக்கு வேண்டாம், இந்த மூன்றும் படியட்டும்.

எவ்வளவு வலி வரை போகலாம்? பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடுங்கள். செய்யும்போது நாலைத் தாண்டக் கூடாது. முடிந்து ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை வலியோ வீக்கமோ கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

டாக்டர் எழுதிய வலி மாத்திரை இருந்தால், அதைப் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்யுங்கள். கடைசி மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள். மெடிக்கல் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருப்பவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் கெடுதல் செய்யும்.

ஒரே ஆடுசதை மட்டும் திடீரென்று வீங்கிச் சுடுவது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, காய்ச்சல், தையல் இடத்தில் சீழ், மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, விரல் மரத்துப்போவது, விரலைப் பிடித்து நீட்டினால் உயிர் போவது போல வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் பயிற்சி இல்லை, பதிவு இல்லை, நேராக ஆஸ்பத்திரி.

நெல்லை டு வாஷி
ஜூலை 16, இரவு 9:20

பிசியோ சார் சொன்னதற்கு மரியாதை உண்டு. ஆனாலும் நம் ஊரில் கட்டுப் போட்டே குணமானவர்கள் ஏராளம். என் சித்தப்பா புத்தூர் போய்க் கட்டுப் போட்டு வந்து வயலில் இறங்கி வேலை செய்தார். மேலுக்குப் பிண்டத் தைலம் போட்டுச் சூடாக உருவி விட்டால் தசை இளகும், ராத்திரி தூக்கம் வரும். அம்மா கையால் உருவி விடச் சொல்லுங்கள்.

முலுண்ட் பிசியோ
ஜூலை 16, இரவு 10:02

அண்ணாச்சி, உங்கள் சித்தப்பா நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம். கட்டு வைத்தியம் பார்க்கும் குடும்பங்களின் கை அனுபவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்தத் தம்பியின் எலும்பு ஏற்கெனவே ராடு போட்டு நேராக நிறுத்தப்பட்டிருக்கிறது, அதற்கு மேல் கட்டு வேண்டாம். உருவி விடுவதைத்தான் இப்போது கட்டாயம் தவிர்க்கச் சொல்வேன். படுத்தே கிடக்கும் காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். வெளியே எதுவும் தெரியாது. அழுத்தி உருவினால் அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போக வாய்ப்பு உண்டு. தையல் இடத்தில் எண்ணெய் படுவதும் இப்போது நல்லதில்லை.

தழும்பு முழுதாக ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தழும்பை விரலால் மெல்ல வட்டமாகத் தேய்க்கலாம். அதற்கு அம்மாவின் கை நல்ல கை.

செம்பூர் மகள்
ஜூலை 17, காலை 7:48

பிசியோ சார் சொன்னது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அம்மாவுக்குத் தொடை எலும்பில் ஆபரேஷன். இரண்டாவது வாரம் இடது ஆடுசதை வலிக்கிறது என்றார். தசைப்பிடிப்பு என்று நினைத்து நான்தான் சூடு ஒத்தடம் கொடுத்தேன். மறுநாள் அந்தக் கால் இன்னொன்றைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இருந்தது. டாப்ளர் ஸ்கேனில் ரத்தக் கட்டி. சரியான நேரத்தில் மருந்து தொடங்கியதால் அம்மா இன்று நன்றாக இருக்கிறார். நெல்லை அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் அன்பினால்தான் ஒத்தடம் கொடுத்தேன்.

நெல்லை டு வாஷி
ஜூலை 17, காலை 8:30

அம்மா, இது எனக்குத் தெரியாது. உருவச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பிரண்டைத் துவையலாவது சாப்பிடலாமா?

முலுண்ட் பிசியோ
ஜூலை 17, பிற்பகல் 1:15

தாராளமாக. பிரண்டை, ஆட்டுக்கால் சூப் இரண்டும் ருசிக்கும் பசிக்கும் நல்லது. ஆனால் எலும்பு சூப்பில் கால்சியம் நாம் நினைக்கும் அளவுக்கு இறங்குவதில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மாட்டுங்கா கடைகளில் ராகி மாவு சுலபமாகக் கிடைக்கும். எள்ளுருண்டை, தயிர், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் உதவும். முட்டையோ பருப்போ மீனோ ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். புரதம் இல்லாமல் தசை திரும்பி வராது. தம்பி புகை பிடிப்பவராக இருந்தால் அதை இன்றே நிறுத்த வேண்டும். எலும்பு கூடுவதை அது நேராகவே தாமதப்படுத்தும்.

சயான் கோலிவாடா வாசி
ஜூலை 21, இரவு 10:10

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் போனில் கேட்டேன், மூட்டுகளை மடக்கத் தடை இல்லை என்றார். நான் புகை பிடிப்பதில்லை. தலையணை, பிசியோ சார் சொன்னது போல, சரியாக மூட்டுக்குக் கீழேதான் இருந்தது. மாற்றிய முதல் ராத்திரி தூக்கமே இல்லை, பின்பக்கம் பிய்ந்துபோவது போல இழுத்தது. மூன்றாம் ராத்திரி நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித் தூங்கியது அன்றுதான்.

தொடையை இறுக்கும் பயிற்சியில் முதல் நாள் சில்லு நகரவே இல்லை. எவ்வளவு முயன்றும் தொடை சொன்னபடி கேட்கவில்லை. என் உடம்பிலேயே ஒரு பாகம் எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது, அழுதுவிட்டேன். நல்ல காலில் முதலில் செய்து, அதே போல அடுத்த காலிலும் செய்து பார் என்று மனைவி சொன்னாள். ஐந்தாவது நாள் மெல்ல ஏறியது. இப்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார். ஐந்துக்குப் பதில் ஏழு வரை எண்ணிவிடுகிறார்.

ஒரு கேள்வி. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் கருஞ்சிவப்பாகிறது. பயப்பட வேண்டுமா?

முலுண்ட் பிசியோ
ஜூலை 22, காலை 9:00

தூக்கி வைத்ததும் நிறம் மாறினால் பயம் வேண்டாம். ரத்தக்குழாய்களுக்கு நிமிர்ந்த நிலை மறந்துவிட்டது, மெதுவாகப் பழகும். பத்து நிமிடம் தொங்கவிட்டால் இருபது நிமிடம் தூக்கி வையுங்கள். ஐஸ் வைப்பதானால் ஈரத்துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் போதும். தோலில் உணர்வு குறைந்த இடத்தில் வைக்காதீர்கள்.

நல்ல காலில் முதலில் செய்யச் சொன்ன உங்கள் மனைவிக்கு என் வணக்கம். அது உண்மையிலேயே பலன் தரும் வழி.

டோம்பிவிலி லோக்கல்
ஜூலை 22, இரவு 8:40

இடையில் நானும் கேட்டுக்கொள்கிறேன். பிளேட் போட்டு ஒரு வருடம் ஆகிறது. இன்னும் தழும்பைச் சுற்றிப் போர்வை பட்டால்கூட எரிகிறது. எலும்பு சரி என்று எக்ஸ்ரே சொல்கிறது. வலி என்றால் வீட்டில்கூட நம்ப யோசிக்கிறார்கள்.

முலுண்ட் பிசியோ
ஜூலை 22, இரவு 9:25

நான் நம்புகிறேன் அண்ணா. எலும்பு கூடிய பிறகும் நரம்பு எச்சரிக்கை மணியை அடித்துக்கொண்டே இருப்பது உண்டு. தோல் நிறமோ சூடோ மாறுகிறதா, அதிகமாக வியர்க்கிறதா என்று பார்த்து, டாக்டரிடம் இதை மட்டுமே தனியாகச் சொல்லுங்கள். அதற்குத் தனி சிகிச்சை உண்டு. வீட்டில், முதலில் பஞ்சு, சில நாள் கழித்துப் பட்டுத் துணி, பிறகு பருத்தித் துண்டு என்று வரிசையாகத் தொட்டுப் பழக்குங்கள். எரியும் இடத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே போங்கள். தினமும் ஐந்து நிமிடம்.

சயான் கோலிவாடா வாசி
ஜூலை 29, மாலை 5:30

இன்று காலை முதல் வலது ஆடுசதை தொட்டால் வலிக்கிறது. நேற்றைவிட வீக்கம். கொஞ்சம் சூடாகவும் இருக்கிறது. வெளியே கொட்டுகிற மழை, கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் என்கிறார்கள். நாளை காலை போகலாமா?

செம்பூர் மகள்
ஜூலை 29, மாலை 5:34

நாளை வேண்டாம். இப்போதே. தண்ணீர் இல்லாத பக்கம் எந்த ஆஸ்பத்திரி கிட்டேயோ அங்கே போங்கள். உட்கார்ந்தபடியே படி இறங்குங்கள்.

முலுண்ட் பிசியோ
ஜூலை 29, மாலை 5:41

ஆமாம், இப்போதே. காலைப் பிடிக்கவோ அமுக்கவோ யாரையும் விடாதீர்கள். பயிற்சியை நிறுத்துங்கள். பின்பக்கத்தால் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்குங்கள், ஒருவர் வலது காலைத் தாங்கட்டும்.

சயான் கோலிவாடா வாசி
ஜூலை 30, காலை 11:20

போய் வந்தேன். கீழ்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள், எனக்கு முன்பின் அவ்வளவு பழக்கமில்லாதவர்கள். டாப்ளர் பார்த்தார்கள். ரத்தக் கட்டி இல்லை. முந்தின நாள் வேலை விஷயமாக லேப்டாப்போடு மூன்று மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன், அதனால் வந்த வீக்கம் என்றார்கள். உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும்.

முலுண்ட் பிசியோ
ஜூலை 30, பிற்பகல் 12:50

மன்னிப்பு கேட்க ஒன்றும் இல்லை. ஸ்கேன் பார்க்காமல் இது வெறும் வீக்கம் என்று என்னாலும் சொல்லியிருக்க முடியாது. மறுபடி இப்படி ஆனால் மறுபடியும் போங்கள். இன்று முதல் பாதம் ஆட்டும் பயிற்சியை மறுபடி தொடங்கலாம்.

தாராவி 90 அடி ரோடு
ஆகஸ்ட் 3, இரவு 11:05

அக்கா, அண்ணா, என் பாட்டிக்கு வயது 71, இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். எங்கள் வீடு ஒரே அறை, எல்லோரும் தரையில்தான் படுப்போம். கழிப்பறை பொதுக் கழிப்பறை, குந்தி உட்காரும் வகை. இந்தப் பயிற்சிகளைப் பாட்டிக்கும் செய்யலாமா? வீட்டுக்கு வரும் பிசியோவுக்கு ஒவ்வொரு தடவையும் காசு கொடுக்க எங்களால் முடியாது.

முலுண்ட் பிசியோ
ஆகஸ்ட் 4, காலை 8:10

தங்கச்சி, முதலில் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார். இடுப்புப் பந்துக்குப் பதில் செயற்கைப் பந்து வைத்தார்களா, அல்லது எலும்பை ராடு, ஸ்குரூ வைத்துப் பிடித்தார்களா? பந்து மாற்றியிருந்தால் தாழ்வான இடத்தில் உட்கார்வது, சம்மணம் போடுவது, காலைக் குறுக்கே போடுவது எல்லாம் மூட்டு கழன்றுவிடும் ஆபத்து. எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதை டாக்டர் சொல்வார். எந்த ஆபரேஷன் ஆனாலும் இப்போது குந்த வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலியைச் சாதனக் கடைகளில் வாடகைக்குக் கேட்டுப் பார். உயரமான கட்டில் கட்டாயம் வேண்டும். பழைய மரக்கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினால் ஆடாமல் இருக்கிறதா என்று இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பாட்டியை உட்கார வை.

பாதம் ஆட்டுவதும் தொடையை இறுக்குவதும் பாட்டிக்கும் பொதுவாகப் பாதுகாப்பானவை. பிட்டத் தசைகளை இறுக்கி ஐந்து எண்ணி விடுவதையும் சேர்த்துக்கொள். ஆழமாக மூச்சு இழுத்து விடுவது தினமும் நாலைந்து தடவை வேண்டும். வயதானவர்கள் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும்.

காசைப் பற்றிக் கவலைப்படாதே. சயான் ஆஸ்பத்திரியிலும் பரேல் கே.இ.எம்.மிலும் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. கே.இ.எம்.மில் 1950களின் தொடக்கத்திலேயே பிசியோதெரபி பள்ளி தொடங்கினார்கள், அங்கே படித்தவர்கள்தான் எங்கள் ஆசிரியர்கள். ஹாஜி அலி பக்கத்தில் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் 1955 முதல் நடக்கிறது. ஒரு முறை பாட்டியைக் கூட்டிப்போய்ப் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு, உன் போனில் வீடியோ எடுத்துக்கொள். வீட்டில் நீயே செய்ய வைக்கலாம்.

செம்பூர் மகள்
ஆகஸ்ட் 4, காலை 8:55

தங்கச்சி, அம்மாவுக்கு வாங்கிய கமோடு நாற்காலி எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. தனிச் செய்தி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் ஏற்றி விடுகிறோம். ராத்திரி பாட்டி கூப்பிடக் கட்டில் காலில் ஒரு பூஜை மணியைக் கட்டி வை. என் அம்மா எங்களை எழுப்ப மனமில்லாமல் தானாக எழுந்திருக்கப் பார்த்துத்தான் இரண்டாம் முறை விழ இருந்தார்.

சயான் கோலிவாடா வாசி
ஆகஸ்ட் 6, இரவு 9:30

ஆறு வார எக்ஸ்ரே எடுத்தாயிற்று. முறிவைச் சுற்றி மேகம் போலப் புது எலும்பு தெரிகிறது. உடம்பு எடையில் கால் பங்கு வரை கொடுக்கலாம், இரண்டு வாரம் கழித்துப் பாதி என்றார் டாக்டர். நான் 68 கிலோ. கால் பங்கு 17 கிலோ. 17 கிலோ என்பது காலுக்கு எப்படித் தெரியும்?

முலுண்ட் பிசியோ
ஆகஸ்ட் 7, பிற்பகல் 1:40

குளியலறை எடை மெஷின் ஒன்று வாங்குங்கள். அதே உயரத்துக்கு ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்து அதில் இடது காலை வையுங்கள், வலது கால் மெஷின் மேல். இரண்டு ஊன்றுகோலையும் பிடித்தபடி முள் 17 வரும்வரை மெல்ல அழுத்துங்கள். பிறகு கண்ணை எடுத்துவிட்டு அழுத்தி, குனிந்து பார்த்துச் சரிபாருங்கள். தினமும் காலையில் பத்துத் தடவை செய்தால் காலுக்கே கணக்கு தெரிந்துவிடும். ஆள் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம்.

ஊன்றுகோல் அக்குளை முட்டக் கூடாது, மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் முழுக்க உள்ளங்கையில். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஈரத் தளத்தில் தேய்ந்த ரப்பர் வழுக்கிவிடும்.

மாடிப்படிக்கு ஒரே கணக்கு. ஏறும்போது நல்ல கால் முந்தி, பிறகு ஊன்றுகோலும் ஆபரேஷன் ஆன காலும். இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் ஆன காலும் முந்தி, பிறகு நல்ல கால். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதில். முதல் வாரம் ஒரு மாடி மட்டும்.

மாஹிம் புதன்கிழமை
செப்டம்பர் 9, இரவு 10:15

எனக்கும் இதே ராடு, ஏழு மாதம் ஆகிறது. நடக்கிறேன், லோக்கலில் நின்று போகிறேன். ஆனால் சர்ச்சில் புதன்கிழமை நொவேனா ஜெபத்தில் மண்டியிட முடியவில்லை. முழங்காலின் முன்பக்கம் ஊசி குத்துவது போல இருக்கிறது. எல்லோரும் மண்டியிடும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முலுண்ட் பிசியோ
செப்டம்பர் 10, காலை 7:30

ராடு முழங்காலின் முன்பக்கம் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதனால் இந்த வலி நிறையப் பேருக்கு வருகிறது. எலும்பில் கோளாறு என்று அர்த்தமில்லை, ஆனாலும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள், ராடின் நுனி துருத்துகிறதா என்று எக்ஸ்ரேயில் தெரியும். வீட்டில் மெத்தை மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, பத்து வினாடி மட்டும் மண்டியிட்டுப் பழகுங்கள். வாரத்துக்கு வாரம் நேரத்தைக் கூட்டி, மெத்தையிலிருந்து மடித்த போர்வைக்கு வாருங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெதுவாக எழுந்து உட்கார்வது தொடைக்குப் பலம் தரும், முன்பக்க பாரத்தைக் குறைக்கும். சிலருக்கு இந்த வலி முழுதாகப் போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து ஜெபித்தாலும் ஜெபம்தான்.

தாராவி 90 அடி ரோடு
செப்டம்பர் 12, இரவு 10:40

பாட்டி வாக்கர் பிடித்து வாசல்வரை போகிறார். நாற்காலி கொடுத்த அக்காவுக்காகச் சொல்கிறேன், பாட்டி தினமும் உங்களை வாழ்த்துகிறார்.

சயான் கோலிவாடா வாசி
செப்டம்பர் 24, இரவு 8:50

இன்றோடு பதின்மூன்று வாரம். முழு எடையும் கொடுக்கலாம் என்று போன வாரம் டாக்டர் சொன்னார். ராத்திரி வலி இப்போது இல்லை என்றே சொல்லலாம், மழை நாளில் மட்டும் ஒரு குடைச்சல். மூன்று மாடியும் நானே இறங்கி, அம்மாவோடு ஆட்டோவில் மாட்டுங்கா போய் வந்தேன். காய்கறி மார்க்கெட்டில் அம்மா வாழைப்பூ பொறுக்கி எடுக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். நாளைக்கு அம்மா ஊருக்கு ரயில் ஏறுகிறார். 'அசைக்காதே' என்று சொன்னவர், இன்று மருமகளிடம், "இவன் ராத்திரி பயிற்சியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள், ஏழு வரை எண்ணு" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டுகிறார்.

ஒரே ஒரு சந்தேகம். இப்போது ஒற்றைக் கைத்தடிதான். அதை வலது கையில், அடிபட்ட காலின் பக்கமே பிடிக்கிறேன். ஆனால் நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது.

முலுண்ட் பிசியோ
செப்டம்பர் 24, இரவு 9:15

இடது கையில் பிடியுங்கள். வலது கால் முன்னே போகும்போது இடது கைத்தடியும் கூடவே போக வேண்டும். நாம் சாதாரணமாகக் கை வீசி நடப்பதும் அப்படித்தானே. தடியின் பிடி உங்கள் மணிக்கட்டு உயரத்தில் இருக்கட்டும்.

சயான் கோலிவாடா வாசி
செப்டம்பர் 24, இரவு 9:52

மாற்றிப் பிடித்து வராந்தாவில் நாலு நடை நடந்தேன். இடுப்பு சாயவில்லை. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.